நிலமும் பொழுதும் கலமும்

பொருளதிகாரத்தைக் கற்கப் புகும் மாணவர்க்கு முதலில் வியப்பளிப்பது ஒன்றுண்டு. காதலையும் இல்வாழ்வையும் பேச வந்த தொல்காப்பியர், தலைவனையும் தலைவியையும் காட்டுவதற்கு முன்பே நிலத்தைக் காட்டிவிடுகின்றார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் விளையும் உணவும், திரியும் விலங்கும், மக்கள் செய்யும் தொழிலும், அவர்தம் பறையும் கருப்பொருள். ஒரு நாட்டின் பொருளியல் அந்நாட்டின் மண்ணிலும் மழையிலும் கருக்கொள்கிறது என்று இன்றைய புவியியலார் பல நூல்களில் விரித்துரைப்பதைத் தமிழர் தம் இலக்கணத்தின் வாயிலிலேயே எழுதி வைத்தனர். நாமோ அதனை அகப்பாடலுக்குரிய விதி என்ற அளவில் மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் பெற்று, மறந்துவிடுகின்றோம். தமிழ்த்துறையும் புவியியல் துறையும் ஒரே கல்லூரியில் இருந்தும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை.

இவ்விலக்கணத்தில் நிலத்தோடு பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றமை கூர்ந்து நோக்கத்தக்கது. இலக்கணத்தில் பொழுது என்பது பருவத்தையும் சிறுபொழுதையும் குறிக்கும். அதனைச் சற்று நீட்டி, காலம் அல்லது யுகம் என்று கொண்டால், நம் கடற்கரையின் வரலாறு முழுவதும் அதனுள் அடங்கக் காண்கிறோம். நிலம் எந்த நாட்டையும் ஒரேயடியாக வாழ்த்துவதுமில்லை, ஒரேயடியாகச் சபிப்பதுமில்லை. ஒரு காலத்தின் கலத்திற்குத் தாய்மடியாக விளங்கிய கரை, மற்றொரு காலத்தின் கலத்திற்கு மூடிய கதவாகிவிடுகிறது.

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நீளும் நம் கரையோர ஊர்களில் பெரியவர்கள் கூடும் திண்ணைகளில் ஒரு கேள்வி இன்றும் எழுவதுண்டு. கப்பலோட்டி வாழ்ந்த ஊர்கள் ஏன் கப்பலைக் காணாத ஊர்களாயின? மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலம் என்ற சொல்லோடு இணைப்பார் சிலர். கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபிச் சொல்லோடு இணைப்பார் வேறு சிலர். எவ்வாறாயினும் கலமே அப்பெயரின் வேர் என்பதில் கருத்து வேறுபாடில்லை. அக்கலங்கள் எங்கே?

முன்னோர் ஊக்கமிழந்தனர் என்பது ஒரு விடை. 1498-இல் வாஸ்கோ டா காமா வந்தபின் போர்த்துக்கீசியர் கடலில் அனுமதிச்சீட்டு முறையைப் புகுத்தி உள்நாட்டு வணிகரை நெரித்தனர் என்பது மற்றொன்று. விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் சிறு துறைமுகங்களைக் கவனிக்கவில்லை என்பது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் மறுக்கவியலாதவை. முதலாவதை யான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆனால் இம்மூன்றுக்கும் முந்திய காரணம் ஒன்று கடலடியில் கிடக்கிறது.

மணற்கரையின் இயல்பு

மேற்குக் கடற்கரைக்கும் நம் கரைக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் நோக்கினாலே உணரலாம். மேற்கே மலை கடலை நெருங்கி நிற்கிறது; ஆறுகள் குறுகியவை; கழிமுகங்களும் காயல்களும் கலங்கள் ஒதுங்க இடந்தருகின்றன. கிழக்கே நிலம் மெல்லச் சரிந்து கடலில் இறங்குகிறது. காவிரி போன்ற நெடிய ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டலைக் கொணர்ந்து கொட்டிக் கரையை வளர்த்துள்ளன. அந்த வண்டல்தான் தஞ்சையை நெற்களஞ்சியமாக்கியது. அதே வண்டல்தான் கடலைத் தூர்த்து ஆழமில்லாததாக்கியது. வயலுக்கு வரமாக வந்தது துறைக்குச் சாபமாயிற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை இருந்தும், பெருங்கப்பல் நேரே வந்து நிற்கத்தக்க இயற்கைத் துறைமுகம் தமிழகத்தில் இல்லாமற் போனதற்கு இதுவே முதற்காரணம்.

கொற்கையின் கதையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிறது. அதனைப் பகைவர் எவரும் அழிக்கவில்லை. பொருநையாறு வண்டலால் மூடியது. கடல் விலக விலக வணிகரும் கடலைப் பின்தொடர்ந்து காயலுக்குப் பெயர்ந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறை அந்தக் காயலே. அதுவும் தூர்ந்தபின் வணிகம் காயல்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி எனக் கரையோரமாக நகர்ந்தது. துறைமுகம் என்றால் கல்லால் கட்டி நிலைத்து நிற்பது என்று நாம் எண்ணுகிறோம். நம் முன்னோர்க்கு அது ஆற்றைப் போலவே இடம்பெயரும் பொருள். ஆகவே அவர்கள் பெருஞ்செலவில் கட்டடம் எழுப்பாமல், மணலில் இழுத்து நிறுத்தக்கூடிய கலங்களைக் கட்டினர். கட்டுமரமும், ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசுலாப் படகும், தட்டையான அடிப்பகுதி கொண்ட தோணியும் இந்தக் கரைக்கென்றே பிறந்த கலங்கள். மசுலாப் படகு மணலில் மோதினால் உடையாது. தையல் நெகிழ்ந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் எழும்வரை, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற ஐரோப்பியக் கப்பல்களின் ஆளும் பொருளும் இந்தப் படகுகளையும் அவற்றை ஓட்டிய மீனவரையும் நம்பியே கரை சேர்ந்தன.

காற்று வகுத்த கால அட்டவணை

நிலம் இவ்வாறிருக்க, பொழுதோ காற்றைத் தந்தது. ஆண்டின் ஒரு பாதியில் தென்மேற்கிலிருந்தும் மறுபாதியில் வடகிழக்கிலிருந்தும் வீசும் பருவக்காற்றே பாய்மரக் கலங்களுக்குக் கால அட்டவணையாயிற்று. பருவத்தைக் குறிக்கும் மௌசிம் என்ற அரபிச் சொல்லே போர்த்துக்கீசியர் நாவில் திரிந்து ஆங்கிலத்தின் மான்சூன் ஆனது. ஒரு காற்றில் வந்தவர் மறு காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பிலேயே குடியிருப்புகள் தோன்றின, மணவுறவுகள் நிகழ்ந்தன, மொழிகள் கலந்தன. மாலுமி, சுக்கான் ஆகியவை அரபியிலிருந்தும் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்து தமிழாகிவிட்ட சொற்கள். ஒரு நாட்டின் புவியியல் அதன் அகராதியையும் எழுதுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குதிரை வணிகமும் நிலம் கட்டளையிட்ட வணிகமே. ஈரமும் வெம்மையும் மிக்க நம் மண் நல்ல குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. ஆனால் போருக்குக் குதிரை வேண்டும். எனவே புகாருக்குக் குதிரை கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது; காயலுக்கு ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதுகிறார். ஒரு நிலத்தில் இல்லாதது வேறொரு நிலத்தில் இருப்பதே வணிகத்தின் தொடக்கம்.

கலம் பெருத்தது

இவ்வளவும் கலம் சிறிதாக இருந்தவரை. ஓரிரு ஆள் ஆழமே வேண்டிய தோணிக்கு நம் ஆழமற்ற கடல் தடையன்று. அலையடங்கிய பாக்கு நீரிணை பாதுகாப்பும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல்கள் நீளத்திலும் அகலத்திலும் மட்டுமல்லாது, நீரில் அமிழும் ஆழத்திலும் பெருத்தன. நிலம் அப்படியே இருந்தது, பொழுது மாறிவிட்டது.

நாகப்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். சோழர் கடற்படை அறிந்த துறை அது. 1860களின் தொடக்கத்திலேயே திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப்பாதை பெற்ற ஊர். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் ஏறிய ரஜூலா கப்பலை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் நாகையில் கரையருகே வரவியலாமல் தொலைவிலேயே நின்றது. பயணிகள் படகேறி, அலையில் ஆடி, அதனை அடைந்தனர். அக்கப்பலின் ஓட்டம் 1970களின் தொடக்கத்தில் முடிந்தது. பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அவ்வழிப் பயணிகள் கப்பலும் நின்றது. அதற்குள் வானூர்தி வந்துவிட்டது. வானூர்திக்குக் கடலின் ஆழம் ஒரு பொருட்டன்று.

வ.உ. சிதம்பரனாரின் முயற்சியையும் இந்த ஒளியில் காணவேண்டும். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் தந்தார் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளவும் வேண்டும். ஆயினும் அம்முதலீடு வெறும் நாட்டுப்பற்றின் எழுச்சி மட்டுமன்று. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட குறுகிய கடல், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் ஆட்களின் பெருக்கு, அரிசியும் துணியும் கேட்கும் அத்தீவின் தேவை ஆகியவற்றைக் கணக்கிட்ட வணிகரின் கூர்மதியும் அதிலிருந்தது. நிலத்தைச் சரியாகவே படித்தனர். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தும் அரசு அடக்குமுறையை ஏவியும் அதனை வீழ்த்தின. நிலம் ஆம் என்றாலும் அதிகாரம் இல்லை எனலாம். புவியியலே எல்லாம் என்று வாதிடுவோர் இதனை மறத்தலாகாது.

மணலோடு நடந்த வழக்கு

இயற்கை தராத துறைமுகத்தை மனிதன் கட்டமுடியாதா? முடியும். சென்னையே சான்று. 1876-இல் கடலுக்குள் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களை எழுப்பத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கி வைத்த வாயிலை மணல் தொல்லை செய்யவே, பின்னர் வடகிழக்குக்கு மாற்றினர். இத்தனை விடாமுயற்சியில் உருவான துறைமுகம் ஒரு மாநகரையே வளர்த்தது.

அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதே யான் கேட்க விழைவது. இக்கரையில் மணல் நிலையாகக் கிடப்பதில்லை. ஆண்டில் சில திங்கள் தெற்கு நோக்கியும் பல திங்கள் வடக்கு நோக்கியும் அலைகள் அதனை நகர்த்துகின்றன. மொத்தத்தில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. கடலுக்குள் நீண்ட சுவர் அவ்வோட்டத்தை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. உலகமே வந்து உலவுகிறது. சுவருக்கு வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரத்திலும் அதற்கப்பாலும் கடல் கரையைத் தின்றது. மீனவர் வீடிழந்தனர், கருங்கல்லைக் கொட்டிச் சாலையைக் காத்தனர், காத்த இடத்திற்கு வடக்கே அரிப்பு மேலும் நகர்ந்தது. துறைமுகத்தின் ஆதாயம் ஒரு கணக்கில் எழுதப்பட்டது. இழப்போ எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

2001-இல் எண்ணூரிலும் 2013-இல் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகங்கள் எழுந்தன. காட்டுப்பள்ளியை மேலும் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது பழவேற்காட்டு மீனவர் எழுப்பிய அச்சத்தை வளர்ச்சிக்கு எதிரான கூக்குரல் என்று ஒதுக்கியோர் உண்டு. யான் அவ்வாறு கருதவில்லை. இராயபுரத்தில் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருவதைக் கண்ணாரக் கண்டவர்களின் அச்சம் அது. துறைமுகம் வேண்டாம் என்பதன்று. மணலைத் தடுக்கும் எவரும் அம்மணலை மறுபக்கம் கொண்டுசேர்க்கும் செலவையும் திட்டத்திலேயே ஏற்கவேண்டும் என்பதே கோரிக்கை. இது நியாயமன்றோ?

மலை விட்ட வழி

கடலை மட்டும் பேசி மலையை விடுத்தல் முறையன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரு உயரங்களுக்கும் நடுவே, பாலக்காட்டில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலையே இல்லை. அந்த ஓர் இடைவெளி கொங்கு நாட்டின் தலையெழுத்தையே எழுதியது. மேலைக் கடலில் இறங்கிய உரோமப் பொருள் அவ்வழியே கிழக்கே வந்தது. கோவை வட்டாரத்தில் கிடைத்த உரோமக் காசுகள் அப்போக்குவரத்தின் சுவடுகள். சென்னையிலிருந்து மேலைக்கடல் நோக்கிய இருப்புப்பாதை 1862-இல் அவ்வழியேதான் பேப்பூரை அடைந்தது. இன்று நெடுஞ்சாலையும் அவ்வழியே. காற்றும் அவ்வழியே புகுவதால் உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. தெற்கே ஆரல்வாய்மொழியிலும் இதே கதை.

கொழும்பும் விழிஞமும்

மீண்டும் கடலுக்கு வருவோம். இன்றைய பெருங்கப்பல் 400 மீட்டர் நீளத்தில், இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து, முழுச் சுமையில் 16 மீட்டர் அளவுக்கு நீரில் அமிழ்ந்து வருகிறது. அது இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் உலகக் கடல்வழியை விட்டு விலக விரும்புவதில்லை. அவ்வழியின் ஓரத்தில் ஆழ்கடலோடு அமர்ந்திருப்பது கொழும்பு. எனவே நம் நாட்டுப் பெட்டகங்களில் கணிசமானவை சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறுகின்றன. அதற்கான கட்டணம் அங்கே தங்குகிறது. இதற்கு மாற்றாகக் கேரளத்தின் விழிஞத்தில், கரையருகிலேயே 18 மீட்டருக்குக் குறையாத இயற்கை ஆழம் இருப்பதைக் கண்டு கட்டிய துறைமுகம் 2025 மே திங்களில் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அங்கே மணலோடு பெரும்போர் தேவைப்படாமைக்குக் காரணம் பொறியாளரின் திறம் மட்டுமன்று. கடலடி அங்கே விரைந்து இறங்குவதே.

நம் பாக்கு நீரிணையிலோ ஆதம் பாலம் எனவும் இராமர் பாலம் எனவும் வழங்கும் திட்டுகளின்மேல் சில இடங்களில் ஓர் ஆள் ஆழமும் இல்லை. அதனால் சென்னையிலிருந்து மேலைக்கரைக்குச் செல்லும் கப்பல் இலங்கையைச் சுற்றியே போகிறது. இதனைத் தவிர்க்க 2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாய்ப் பணி, 2007-இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணைக்குப் பின் முடங்கியது. சமய உணர்வு பற்றிய வாதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, ஆழத்தை மட்டும் நோக்குவோம். திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர். 16 மீட்டர் அமிழும் கப்பலுக்கு அக்கால்வாய் எவ்வாறு பயன்படும்? ஆண்டுதோறும் வந்து சேரும் மணலை ஆண்டுதோறும் அள்ளவும் வேண்டும். உலகப் பெருங்கப்பலை இந்நீரிணைக்கு அழைக்கும் கனவை நாம் கைவிடுவதே நன்று என்பது என் துணிபு.

கைவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லையா? உண்டு. சிறு கலங்களின் கடல் அது. சிறு கலங்களுக்கே அதனைத் திருப்பித் தரலாம். உப்பு, சிமெண்டு, செங்கல், காய்கறி, மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் வேண்டிய அன்றாடப் பொருள் ஆகியவற்றுக்கு 20,000 பெட்டகக் கப்பல் வேண்டியதில்லை. தூத்துக்குடித் தோணிகள், பாய்க்குத் துணையாக இயந்திரம் பெற்று, இத்தகைய வணிகத்தை விடாது நடத்தி வந்துள்ளன. நீர்வழியே சுமைக்கு மலிவான வழி என்பது யாவரும் அறிந்தது. அறிந்தும் நாம் செய்ததென்ன? காக்கிநாடா முதல் மரக்காணம் வரை கடலோரத் தாழ்நிலத்தையும் உப்பங்கழிகளையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் விறகும் உப்பும் சென்னைக்கு மிதந்து வந்தன. 1960களின் புயல்கள் அதனைச் சிதைத்தன. பின்னர் நாம் அதனைச் சாக்கடையாக்கினோம். 1990களில் பறக்கும் இரயிலின் தூண்களையும் அதனுள்ளேயே நட்டோம். நிலம் இலவசமாகத் தந்த தட்டைத்தன்மையை இவ்வளவு எளிதில் வீணடித்தோர் பிறிதொரு நாட்டில் இருப்பார்களா என்று ஐயுறுகிறேன்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, சென்னையில் இரயிலேறியவர் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். அந்த வழி மீளவில்லை. ஆயினும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாள்களிலேயே வடகிழக்குப் பருவம் அதனை நிறுத்தியது. பழைய கால அட்டவணை இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்று காற்று நினைவூட்டியது போலும்! 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினர். ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவே கொண்ட இவ்வழியில் பயணியோடு சரக்கும் செல்ல வழி செய்வதும், தொண்டி, கீழக்கரை போன்ற துறைகளில் பெருஞ்சுவர் எழுப்பாமல் சிறு கலம் அணையத்தக்க மிதவைத் துறைகள் அமைப்பதும் அரசின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல. கலம் கட்டும் தச்சரின் கைத்திறன் இன்னும் முற்றாக அற்றுப் போகவில்லை.

நம் துறைக்கும் இதில் ஒரு பணியுண்டு. கரையோர ஊர்களில் தோணியில் சென்ற முதியவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர்கள் காற்றுக்கு வைத்த பெயர்களையும், ஆழம் பார்த்தறியும் முறைகளையும், மணல் எந்தத் திங்களில் எங்கே நகரும் என்னும் அவர்தம் அறிவையும் மாணவர்கள் விடுமுறையில் சென்று கேட்டு எழுதிவரலாம். புவியியல் துறையினர் உடன் வந்தால் கரையின் படமும் சேர்ந்து உருவாகும். அத்தொகுப்பு அடுத்த மலரில் இடம்பெறுமாயின், புதிய துறை அமைக்க அளவை செய்ய வரும் பொறியாளரிடம் கொடுப்பதற்கு நம்மிடமும் ஓர் ஏடு இருக்கும்.